முதல் டெலஸ்கோப்: குமரி மாவட்டத்துக்கு எது சரிப்படும்?

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருப்பது இவ்வளவுதான்: மார்த்தாண்டம் பக்கம் சொந்த வீடு, அங்கே அம்மா மட்டும் இருக்கிறார், வேலை பெங்களூரில், மாதம் ஒருமுறை ரயிலில் ஊருக்கு வருகிறார், ஒன்பது வயது மகளுக்கு வானம் காட்ட வேண்டும், கையில் 20,000 ரூபாய், எங்கே போனாலும் தூக்கிப் போகிற மாதிரி ஒரு டெலஸ்கோப் வேண்டும், கடைக்காரர் 525 மடங்கு பெருக்கும் என்று ஒன்றைக் காட்டுகிறார், வாங்கலாமா? கடைசிக் கேள்விக்குப் பதில் ஒரே சொல்தான்: வேண்டாம். ஆனால் அவர் நிஜமாகவே கேட்பது வேறு என்று நினைக்கிறேன். மொட்டை மாடி, முட்டம் கடற்கரை, பேச்சிப்பாறை, ரயில் பெர்த்துக்கு அடியில் என்று நாலு இடத்துக்கும் ஒத்துவந்து, ஆறு மாதத்தில் பரணுக்கும் போகாத ஒரு கருவி உண்டா என்பதுதான் கேள்வி. நாலுக்கும் சேர்த்து ஒன்று கிடையாது. மூன்றுக்கு உண்டு. அதற்கு வருமுன் கொஞ்சம் சுற்றிக்கொண்டு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வானியல் படித்தவன் இல்லை. தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். இருபது வருடத்துக்கு மேலாகப் பிள்ளைகளையும் அவர்களுடைய அப்பா அம்மாவையும் பள்ளி மைதானத்திலும் என் வீட்டு மாடியிலும் வரிசையில் நிறுத்தி நிலாவும் வியாழனும் காட்டியிருக்கிறேன், ‘சார், இதுல ஒண்ணுமே தெரியல’ என்று வீட்டிலிருந்து கொண்டுவரும் கருவிகளைக் கழற்றிப் பூட்டியிருக்கிறேன். அதனால் கண்ணால் பார்ப்பது பற்றி நான் சொல்வதை ஓரளவு நம்பலாம். படம் எடுப்பது என் கைவேலை இல்லை, ஐபீஸில், அதாவது நாம் கண் வைத்துப் பார்க்கிற சின்ன லென்ஸில், போனை ஒட்டிவைத்து நிலாவை எடுத்ததோடு சரி. அதற்கு வேறு ஆளைக் கேளுங்கள்.

முதலில் அந்த 525 எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். பெருக்கம் என்பது சாதாரண வகுத்தல் கணக்கு. குழாயின் குவியத் தொலைவை, அதாவது முன் லென்ஸிலிருந்து ஒளி குவிகிற புள்ளி வரையுள்ள தூரத்தை, ஐபீஸின் குவியத் தொலைவால் வகுக்க வேண்டும். 700 மி.மீ. குழாய், 4 மி.மீ. ஐபீஸ், ஆக 175 மடங்கு. பெட்டிக்குள் மூன்று மடங்கு பார்லோ லென்ஸ் என்று ஒன்று கிடக்கும், அதையும் செருகினால் 525. கணக்கில் பொய் இல்லை. ஆனால் 60, 70 மி.மீ. விட்டமுள்ள ஒரு லென்ஸ் வாங்குகிற வெளிச்சத்துக்கும் அது பிரித்துக் காட்டுகிற நுணுக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு என்பது பொதுவாக எல்லாரும் ஒத்துக்கொள்ளும் உச்சவரம்பு, அதாவது 70 மி.மீ.க்கு 140. அதற்கு மேலே போனால் மங்கலான படம் இன்னும் பெரிய மங்கலாகும், ஜெராக்ஸ் எடுத்ததையே மறுபடி மறுபடி பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுக்கிற மாதிரி. காற்று அலைந்துகொண்டிருக்கிற இரவில் அந்த 140க்கும் போக முடியாது. நான் பிள்ளைகளுக்குக் காட்டுவதெல்லாம் 25 மடங்கிலிருந்து 100 மடங்குக்குள்தான்.

என் முதல் கருவியும் அந்த ஜாதிதான். சம்பள பாக்கி வந்த ஒரு மாதத்தில் வாங்கினேன். 60 மி.மீ. லென்ஸ், மூன்று காலும் மெல்லிய அலுமினியப் பட்டை, நடுவில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. சனி கிடைத்தது. 175 மடங்கில் வைத்து ஃபோகஸ் திருகைத் தொட்டேன், சனி துள்ளியது. கையை எடுத்துவிட்டு ஐந்தாறு விநாடி காத்திருந்தால் நடுக்கம் அடங்கும், அதற்குள் கிரகம் ஓரத்துக்கு நகர்ந்திருக்கும், ஏனென்றால் பூமி சுற்றுவதையும் சேர்த்துத்தான் 175 மடங்காகப் பார்க்கிறோம், ஒரு நிமிடத்துக்குள் சனி பார்வையை விட்டே போய்விடும். மறுபடி குழாயைத் தள்ளு, மறுபடி ஆட்டம். பார்க்க வந்த எதிர்வீட்டு அக்கா, ‘சார், என்னமோ மின்மினி பறக்குது’ என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். லென்ஸ் மோசமில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. அதே குழாயை ஒரு தச்சரிடம் கொடுத்துத் தேக்குக் காலில் பூட்டி, 60 மடங்கில் வைத்தபோது வளையம் அசையாமல் நின்றது. அன்றைக்கு அந்த அக்காவை மறுபடி கூப்பிட்டேன். வரவில்லை.

ஆகவே லென்ஸைப் பார்ப்பதற்கு முன் காலைப் பாருங்கள். கடையில் கருவியை நிறுத்தச் சொல்லி, 40, 50 மடங்கில் தூரத்து மின்கம்பத்தையோ ஒரு போர்டையோ பிடித்துவைத்து, குழாயின் ஓரத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டி மனசுக்குள் எண்ணுங்கள். இரண்டு எண்ணுவதற்குள் ஆட்டம் நின்றால் நல்ல கால். நாலு, ஐந்து என்று போனால் வெளியே வந்துவிடுங்கள், எத்தனை மி.மீ. என்று கேட்கவே வேண்டாம். ஆன்லைனில் வாங்குவதென்றால் தட்டிப் பார்க்க வழியில்லை; அப்போது ட்ரைபாடின் எடையைத் தேடிப் பாருங்கள். முதுகுப்பையோடு சேர்த்து மொத்தமே இரண்டு கிலோ என்று பெருமையாகப் போட்டிருந்தால் அது நடுங்கும்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய விஷயம். வெளிநாட்டு யூடியூப்காரர் சொல்வதைக் கேட்டு வாங்குபவர்கள் சறுக்குவது இங்கேதான். நாம் இருப்பது வடக்கே எட்டு டிகிரியில். ஆகையால் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எட்டு டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அது ஏறக்குறைய பத்து டிகிரி, அதற்கும் கீழே. வடக்கே நமக்கு மலை, மலைக்கு முன்னால் ரப்பர், ரப்பருக்கு முன்னால் தென்னை. நான் துருவ நட்சத்திரத்தைச் சந்தேகமில்லாமல் பார்த்த இரவுகளை விரல்விட்டு எண்ணலாம். ஈக்குவடோரியல் மவுண்ட் என்று எதிர்எடையெல்லாம் தொங்க ஒரு ஸ்டாண்ட் வருகிறதே, பார்க்க விஞ்ஞானி வீட்டுப் பொருள் மாதிரி இருக்கும், அதன் அச்சை அந்தத் துருவத்தை நோக்கி வைத்தால்தான் அது வேலை செய்யும். ஐரோப்பாவில் 50 டிகிரிக்கு ஏற்றமாதிரி செய்தவற்றில் பலதை எட்டு டிகிரிக்கு இறக்கவே முடியாது, இறக்கினாலும் எதிர்எடைத் தண்டு ட்ரைபாட் காலில் போய் இடிக்கும். புதிதாகத் தொடங்குபவர் குமரி மாவட்டத்தில் அதை வாங்கவே கூடாது என்பேன். மேலும் கீழும், இடமும் வலமும் மட்டும் அசைகிற எளிய ஸ்டாண்ட் போதும்.

இன்னொன்றும் இதே எட்டு டிகிரியால் வருவது. இங்கே நிலாவும் கிரகங்களும் பல மாதங்களில் தலைக்கு நேர் மேலே போகும். சிறிய டெலஸ்கோப்புகளோடு கொடுக்கிற டயகனல், அதாவது கண்ணை வைக்கிற அந்த வளைந்த பகுதி, பலவற்றில் 45 டிகிரியாக இருக்கும்; பகலில் பறவை பார்க்க, மலை பார்க்க அது நல்லது. உச்சியில் நிற்கும் வியாழனை அதில் பார்க்க வேண்டுமென்றால் தரையில் மல்லாந்து படுக்க வேண்டும். 90 டிகிரி டயகனல் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் தனியாக ஒன்று வாங்க வேண்டியிருக்கும். ஐபீஸ் செருகும் துளை 31.7 மி.மீ. அளவா என்றும் பாருங்கள், அதுதான் எங்கும் கிடைக்கிற அளவு, 24.5 மி.மீ. துளை என்றால் விளையாட்டுச் சாமான்.

இவ்வளவு நஷ்டத்துக்கும் சேர்த்து இந்த எட்டு டிகிரி நமக்கு ஒரு பெரிய லாபத்தைக் கொடுத்திருக்கிறது. அது தெற்கு வானம். அகத்தியர் நட்சத்திரம் (ஆங்கிலத்தில் கனோபஸ்) லண்டன்காரனுக்கு ஆயுசுக்கும் உதிக்காது, நமக்குப் பிப்ரவரியில் ராத்திரி ஒன்பது மணிக்கெல்லாம் தெற்கே கடலுக்கு மேல் முப்பது டிகிரி உயரத்தில் நிற்கும், வடக்கே திரும்பினால் அகத்தியர் மலை, தெற்கே திரும்பினால் அகத்தியர். தென்சிலுவை 22 டிகிரி உயரம் வரை வரும். ஒமேகா சென்டாரி என்கிற கோளக் கொத்து, பல லட்சம் நட்சத்திரங்கள் ஒரே உருண்டையாகத் திரண்டது, 34 டிகிரி உயரத்தில் ஏறும். ஐரோப்பாவிலிருந்து எழுதுகிறவர்கள் இதைப் பார்க்க விமானம் ஏறித் தெற்கே போகிறார்கள். காவலூரில் வைணு பாப்பு ஆய்வகத்தை அமைத்ததற்கும், அங்கிருந்து தெற்கு வானம் நன்றாகக் கிடைக்கும் என்பது ஒரு காரணம். அது 12 டிகிரியில் இருக்கிறது, நாம் அதற்கும் நாலு டிகிரி தெற்கே.

சரி, எது வாங்குவது? என் பதில்: லென்ஸுக்குப் பதிலாக 130 மி.மீ. குழிக்கண்ணாடியுள்ள, குழாய் உள்ளே சுருங்குகிற மேசை டாப்சோனியன். ஸ்கை-வாட்சர் ஹெரிடேஜ் 130பி என்று விற்பது இந்த வகை. வேறு பெயரிலும் இதே அமைப்பில் வருகின்றன. உங்கள் பட்ஜெட்டைக் கொஞ்சம் தாண்டினாலும் தாண்டும், வாங்குகிற அன்று விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள், தாண்டிவிட்டால் இதே அமைப்பில் 114 மி.மீ. பார்க்கலாம், பெரிய நஷ்டமில்லை. டாப்சோனியன் என்பது வேறொன்றுமில்லை, ஒரு மரப்பெட்டி, அதற்குள் பீரங்கி மாதிரி மேலும் கீழும் அசைகிற குழாய், அடியில் சுழல்கிற பலகை. அசைப்பதற்குத் திருகு, பல்சக்கரம், பாட்டரி எதுவும் கிடையாது. தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும். இதைப் பிரபலமாக்கிய ஜான் டாப்சன், 1900இல் விவேகானந்தர் தொடங்கிவைத்த சான்பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில் 1944இல் துறவியாகச் சேர்ந்தவர். கப்பல் சன்னலின் வட்டக் கண்ணாடியை வாங்கித் தேய்த்துக் குழிக்கண்ணாடி செய்து, அதைப் பலகையில் பூட்டித் தெருவுக்குக் கொண்டுபோய் வருகிற போகிறவர்களை எல்லாம் ‘வந்து பாருங்கள்’ என்று கூப்பிட்டவர். மடத்தை விட்டு 1967இல் வெளியே அனுப்பப்பட்டார், டெலஸ்கோப்பே காரணம் என்பார்கள். அடுத்த வருடமே தெருவோர வானியலாளர்கள் என்று ஒரு குழு. தன் அமைப்புக்குக் காப்புரிமை எடுக்கவில்லை, அதனால்தான் இன்றைக்கும் மலிவாகக் கிடைக்கிறது. நம் பாறையில் 1892இல் உட்கார்ந்தவருக்கும் உங்கள் மகள் பார்க்கப்போகும் சனிக்கும் இப்படி ஒரு சொந்தம் இருக்கிறது என்பதை வகுப்பில் சொல்லாமல் நான் ஒரு வருடமும் விட்டதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். 130 மி.மீ. கண்ணாடி 70 மி.மீ. லென்ஸைவிட ஏறக்குறைய மூன்றரை மடங்கு வெளிச்சம் வாங்கும். குவியத் தொலைவு 650, கூட வருகிற 25 மி.மீ. ஐபீஸில் 26 மடங்கு, 10 மி.மீ.யில் 65. முதல் வருடத்துக்கு இந்த இரண்டே போதும். 26 மடங்கில் நாலு முழுநிலாவை வரிசையாக வைக்கிற அளவு வானம் தெரியும், கார்த்திகை நட்சத்திரக் கொத்து மொத்தமும் ஏறக்குறைய அடங்கிவிடும். மொத்த எடை ஆறு ஆறரை கிலோ; ஆட்டோவில் மடியில் வைத்துக்கொள்ளலாம், ஸ்கூட்டியில் கால் வைக்கிற இடத்தில் வைத்து நான் சுங்கான்கடை வரை போயிருக்கிறேன். குறையும் உண்டு. சுருக்கும் அமைப்பு என்பதால் நடுவில் குழாய் திறந்திருக்கும், பக்கத்து வீட்டு டியூப்லைட் உள்ளே விழும். பழைய கறுப்புக் குடையைப் பிரித்து அந்தத் துணியில் உறை தைத்துப் போட்டேன், சரியாகிவிட்டது. ஸ்கூட்டியில் குலுங்கினால் கண்ணாடி நேர்க்கோட்டிலிருந்து லேசாக விலகும், திருகுகளைத் திருப்பிச் சரி செய்ய வேண்டும். முதல் தடவை பயமாக இருக்கும், ஒரு மணி நேரமாகும், மூன்றாவது தடவை பத்து நிமிடம். அப்புறம், பெயரே மேசை டெலஸ்கோப், வைக்க ஓர் இடம் வேண்டும். பிளாஸ்டிக் ஸ்டூலில் மட்டும் வைக்காதீர்கள், அலுமினியக் கால் கதையேதான். நான் வைப்பது ஆட்டுக்கல்லில். கிரைண்டர் வந்தபிறகு கொல்லைப்புறத்தில் சும்மா கிடந்ததை நாலு பேரைப் பிடித்து மாடிக்கு ஏற்றினேன். குழவி இருந்த குழியைச் சுற்றிக் கருவியின் மூன்று ரப்பர் கால்களும் அளவெடுத்ததுபோல் உட்காரும், ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தால் கண் சரியாக ஐபீஸுக்கு வரும். அசைந்ததே கிடையாது.

ஆனால் இதை மாதாமாதம் ஐலண்ட் எக்ஸ்பிரஸில் பெர்த்துக்கு அடியில் கொண்டுபோய்க் கொண்டுவர முடியுமா என்றால், முடியும், மூன்றாவது மாதம் கொண்டுபோக மாட்டீர்கள். அதனால்தான் நாலில் மூன்று என்றேன். டெலஸ்கோப்பை ஊரில் வைத்துவிடுங்கள், பெங்களூர் வெளிச்சத்தில் அதற்குப் பாதி வேலை இல்லை. ரயிலுக்கும் பயணத்துக்கும் ஒரு 10x50 பைனாகுலர், அதாவது பத்து மடங்கு பெருக்கம், 50 மி.மீ. லென்ஸ் உள்ளது, வாங்குங்கள். இதைச் சொன்னால் எல்லாருக்கும் முகம் வாடிவிடுகிறது, டெலஸ்கோப் கேட்டால் பைனாகுலர் சொல்கிறானே என்று. முழங்கையை மாடிச் சுவரில் ஊன்றிப் பிடித்தால் வியாழனின் நாலு நிலாவும் அதில் தெரியும், நிலாவில் பள்ளங்கள் தெரியும், விருச்சிகத்தின் வாலுக்குப் பக்கத்தில் கொத்துக் கொத்தாக நட்சத்திரம் தெரியும். கலிலியோ 1610 ஜனவரியில் வியாழனின் நிலாக்களைக் கண்டது இருபது மடங்குக் குழாயில், பார்வைப் பரப்பு மிகக் குறுகல். உங்கள் பைனாகுலரில் வானத்தின் அகலம் அவருக்குக் கிடைத்ததைவிடப் பல மடங்கு அதிகம். சனியின் வளையம் மட்டும் இதில் தெரியாது. 12, 15, 20 மடங்கு என்று ஆசைப்பட வேண்டாம், கை நடுங்கும்.

இல்லை சார், ஒன்றுதான் வாங்குவேன், அது என்கூடவே பெங்களூருக்கும் வர வேண்டும் என்றால், 70 அல்லது 80 மி.மீ. விட்டம், 400 மி.மீ. குவியத் தொலைவுள்ள குட்டை லென்ஸ் டெலஸ்கோப். கூட வருகிற ட்ரைபாடை ஒதுக்கிவிட்டு, கல்யாண வீட்டு வீடியோக்காரர் வைத்திருப்பாரே, அந்தக் கனத்தில் ஒன்றைத் தனியாக வாங்குங்கள். நிலாவின் விளிம்பில் ஊதா நிறம் கோடு போடும், அது இந்த வகைக்கு இயல்பு, பழுது இல்லை. நேராக்குவது, திருகுவது எதுவும் கிடையாது, எடுத்தோம் பார்த்தோம். 90 மி.மீ. மக்ஸுடோவ் என்று கையடக்கமாக ஒன்று உண்டு, 1,250 மி.மீ. குவியத்தை ஓர் அடி நீளத்துக்குள் மடித்து வைத்தது, அபார்ட்மெண்ட் பால்கனியிலிருந்து கிரகம் பார்க்க அருமை. ஆனால் பார்வை குறுகல், தெற்கு வானத்தின் பரந்த காட்சிகளுக்கு அது ஆகாது. ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: 114 அல்லது 127 மி.மீ. கண்ணாடி, குவியம் 1,000 என்று எழுதியிருக்கும், குழாயை அளந்தால் அரை மீட்டர்தான் இருக்கும். ஃபோகஸர் குழலுக்குள் ஒரு லென்ஸை ஒளித்துவைத்து இந்தக் கணக்கைச் சரிக்கட்டியிருப்பார்கள், நேராக்கவும் வராது, படமும் கூர்மைக்கு வராது. என்னிடம் பழுது என்று வந்தவற்றில் நான் கையை விரித்தவை பெரும்பாலும் இவைதான். தானாக நட்சத்திரத்தைத் தேடிப் பிடிக்கும் மோட்டார் வைத்தவை இந்தப் பட்ஜெட்டில் பேச்சுக்கே இல்லை.

இதுவரை சொன்னது கணக்கு, யார் சொன்னாலும் இதுதான் வரும். இனி சொல்வது என் வீட்டு அனுபவம், வேறொருவருக்கு வேறு மாதிரி இருக்கலாம். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு, ஜூனில் தொடங்கும் இடவப்பாதியும் ஐப்பசி, கார்த்திகை மழையும். அந்த மாதங்களில் டெலஸ்கோப்பின் எதிரி மேகம் இல்லை, பூஞ்சை. என் பழைய பைனாகுலர் ஒன்றை ஆனியில் பீரோவில் வைத்துவிட்டுத் தை மாதம் எடுத்தேன், உள்லென்ஸில் சிலந்தி வலை மாதிரி படர்ந்திருந்தது, துடைக்கவும் முடியாது, உள்ளே இருக்கிறது. அதற்குப் பிறகு ஐபீஸ்களையும் பைனாகுலரையும் ரப்பர் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன். நிறம் மாறியதும் வாணலியில் லேசாகச் சூடாக்கினால் மறுபடி பழைய நிறத்துக்கு வந்துவிடும், அந்த வாணலி பிறகு சமையலுக்கு வேண்டாம். அந்துருண்டை போடாதீர்கள், அதன் ஆவி கண்ணாடியில் படியும். பெரிய குழாயை டப்பாவில் அடைக்க முடியாது, அதை அறையில் காற்றுப்படுகிற இடத்தில் மூடியோடு வையுங்கள், பூட்டிய அறையில் வேண்டாம். நீங்கள் ஊரில் இல்லாதபோது வாரம் ஒருநாள் வெயில் வருகிற நேரத்தில் சன்னலைத் திறந்துவைக்க அம்மாவிடம் சொன்னால் போதும். கண்ணாடியில் தூசி தெரிந்தால் துணியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், கொஞ்சம் தூசியால் ஒன்றும் குறையாது, துடைத்த கீறல் போகவே போகாது.

கடற்கரை விஷயத்தில் எனக்கே இரண்டு மனசு. முட்டத்துப் பாறையில் நின்று தெற்கே பார்த்தால் மறைக்க ஒரு மரம் கிடையாது, அதைவிட நல்ல அடிவானம் தமிழ்நாட்டில் எத்தனை இடத்தில் கிடைக்கும். ஆனால் அலைத்துளி காற்றில் வந்து படியும், ஒரு ராத்திரிக்குப் பிறகு குழாயை விரலால் தடவி நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். கண்ணாடிப் பூச்சை அது எவ்வளவு சீக்கிரம் தின்னும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், என் கண்ணாடியில் ஓரத்தில் சில புள்ளிகள் விழுந்திருக்கின்றன, அது உப்பால்தானா என்பது சந்தேகம். நான் இப்போது கடற்கரைக்குப் பைனாகுலர் மட்டும்தான் எடுத்துப் போகிறேன், டெலஸ்கோப்பைக் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டராவது உள்ளே தள்ளி வைக்கிறேன். ஆரல்வாய்மொழிப் பக்கம் கோடையில் போகாதீர்கள், காற்றாலையை அங்கே சும்மா நட்டுவைக்கவில்லை, எந்தக் காலும் நிற்காது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணிப் பக்கம் இருட்டு நல்ல இருட்டு, ஆனால் நடுராத்திரிக்குமேல் பனி இறங்கும். லென்ஸ் டெலஸ்கோப் என்றால் முன்பக்கம் கறுப்பு சார்ட் பேப்பரைச் சுருட்டி ஒரு சாண் நீளத்துக்கு மாட்டுங்கள், கண்ணாடி வகைக்குக் கண்ணாடி குழாயின் அடியில் இருப்பதால் அவ்வளவு சீக்கிரம் பனிக்காது. குடும்பத்தோடு போகிறீர்கள், வனத்துறை எல்லைக்குள் ராத்திரி நிற்கலாம் என்று நினைக்க வேண்டாம், தெரிந்தவர் வீட்டு முற்றம் போதும். மாதம் என்று பார்த்தால் தை தொடங்கிப் பங்குனி வரை. தையில் ஒன்பது மணிக்கு ஓரியனும் அகத்தியரும், பங்குனியில் விழித்திருந்தால் நடுராத்திரியில் தென்சிலுவை, அதற்குக் கொஞ்சம் பின்னால் ஒமேகா சென்டாரி.

மகளுக்குக் காட்டுவது பற்றி ஒரு விஷயம். முதல் ராத்திரி நிலாவைக் காட்டுங்கள், அதுவும் அரைநிலாவில். சித்ரா பௌர்ணமிக்குக் கன்னியாகுமரியில் அவ்வளவு கூட்டம் கூடுகிறது, டெலஸ்கோப்புக்கு அதுதான் மிக மோசமான நாள், நேரே வெயில் அடிப்பதால் நிலாவில் நிழலே இருக்காது, பள்ளமும் மேடும் தெரியாது. அப்புறம் சனி. 60 மடங்கில் வளையத்தோடு சேர்த்துச் சனி, கணக்குப்படி வெறுங்கண்ணுக்கு முழுநிலா தெரிகிற அளவுக்கு மேலேயே இருக்கும். நம்பமாட்டீர்கள், பார்க்கிற ஒவ்வொருவரும் ‘மிளகு மாதிரி இருக்கு’ என்றுதான் சொல்வார்கள், கறுப்பு வட்டத்துக்கு நடுவில் தனியாக மிதப்பதால் மூளை அதைச் சிறிதாக்கிவிடுகிறது. இணையத்துப் படங்களை முன்பே காட்டி ஆசையை ஏற்றிவிடாதீர்கள். நெபுலா என்கிற வான்மேகமெல்லாம் சாம்பல் நிறப் புகைதான், ஆண்ட்ரோமீடா கேலக்ஸி ஒரு தேய்ந்த கறை. இன்னொன்று, 2025 மார்ச்சில் வளையத்தின் விளிம்பு நமக்கு நேராகத் திரும்பி, மெல்லிய கோடாகிவிட்டது. இனி வரும் வருடங்களில் அது விரிந்துகொண்டே போகும், அதனால் இந்த வருடம் பார்த்ததைவிட அடுத்த வருடம் நன்றாகத் தெரியும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது நல்ல காலம்.

சூரியனைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். ஐபீஸில் திருகுகிற சின்னக் கறுப்புக் கண்ணாடி ஒன்று ‘சன் ஃபில்டர்’ என்று சில பெட்டிகளில் வரும். பெட்டியைப் பிரித்ததும் அதை உடைத்துக் குப்பையில் போடுங்கள், குவிந்த வெயிலின் சூட்டில் அது விரிசல் விட்டால் அடுத்த கணம் கண் போய்விடும். 2010 ஜனவரி 15 அன்று மதியம் நாகர்கோவிலில் கிரகணத்தில் சூரியன் வளையமாக நின்றபோது, நாங்கள் பள்ளி மைதானத்தில் 60 மி.மீ. குழாயிலிருந்து வெள்ளை அட்டையில் பிம்பத்தை விழவைத்துத்தான் பிள்ளைகளுக்குக் காட்டினோம், ஒருவரையும் குழாயில் கண் வைக்க விடவில்லை. பகலில் டெலஸ்கோப்பை மாடியில் மூடி போடாமல் விட்டுவிட்டு டீ குடிக்கப் போவதும் கூடாது.

குழாயைக் குறிபார்த்துத் திருப்ப உதவும் ஃபைண்டரில் இருக்கிற சிவப்புப் புள்ளி விளக்கை வேலை முடிந்ததும் அணைக்க மறப்பீர்கள், எல்லாரும் மறப்போம், பட்டன் பாட்டரி இரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள். வாங்குவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள் தம்பி: அடுத்த தடவை ஊருக்கு வரும்போது ராத்திரி எட்டு மணிக்கு மாடியில் நின்று தெற்கே எவ்வளவு வானம் திறந்திருக்கிறது, எத்தனை முஷ்டி உயரத்துக்கு மரம் மறைக்கிறது என்று அளந்து சொல்லுங்கள். இரண்டு முஷ்டிக்கு மேல் மறைத்தால் தென்சிலுவை உங்கள் மாடிக்கு வராது, அப்போது கருவியை ஒரு கிலோ இரண்டு கிலோ குறைத்துத் தூக்க வசதியாகப் பார்ப்போம். அம்மாவிடம் பழைய ஆட்டுக்கல் என்ன ஆனது என்றும் கேளுங்கள்.